மார்கழிக்கு இந்த வருஷம் இருபத்தொன்பது நாள்

பிங்கள வருஷம், தை மாதம் 15-ந் தேதி, சனிக்கிழமை.

அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்ந்து, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் சூழ உட்கார்ந்திருக்கிற என் உடன்பிறந்த தம்பி முத்துகிருஷ்ணனுக்கு, உத்திரமேரூர் பக்கத்தில் பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, அதே ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிற உன் அக்கா சொக்கம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். பசுமாடு சுகம். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி இருந்தது, இப்போது இல்லை. அங்கே நீயும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் காஞ்சிபுரத்து அம்மன் கண் பார்க்க வேண்டும். உன் சம்சாரத்தை நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். விசாரிக்கவில்லை.

பதினோரு வருஷம் ஒரு வரி எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பாய். சமாதானத்துக்கு எழுதவில்லை. என் மகள் கல்யாணத்தில், பெண்ணுக்குத் தாய்மாமனாகிய நீ, நம் பக்கத்துப் பந்தியில் உனக்குப் போட்ட இலையை விட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் போய் உட்கார்ந்தாய், அங்கே ஜாங்கிரி முதலில் வந்தது என்பதற்காக. இரண்டு ஜாங்கிரி தின்றாய். இரண்டாவதைப் பாதியில் வைத்துவிட்டாய். பச்சைக் கரை வேட்டி கட்டியிருந்தாய். நான் எதையும் மறக்கிறவள் இல்லை. அந்த மகள் இப்போது பிலாயில் இருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை அனுப்புகிறாள், அதில் அச்சடித்த எழுத்துதான் அதிகம். அவள் அப்பா போய் ஏழு வருஷம். அதற்கும் நீ வந்தாய், நின்றாய், போனாய். அதை இப்போது எழுதவில்லை.

எழுதுகிற காரணம் வேறே. நீ ஒரு காலத்தில் நம் ஊர் சடுகுடு டீமுக்குப் பாடிப் போனவன். மூச்சுப் பிடித்துக்கொண்டு எதிராளி கோட்டுக்குள் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வருவாய். வந்த பிறகும் மூச்சை விடாமல் அம்மாவைப் பயமுறுத்துவாய். அந்த டீம் இந்தக் காணும் பொங்கலுக்குக் கோட்டையே மிதிக்காமல் திரும்பி வந்தது. அரக்கோணம் வரைக்கும் இந்தச் சேதி வந்திருக்கும். சொக்கம்மாள்தான் கெடுத்தாள் என்று வந்திருக்கும். கெடுத்தது நான்தான். ஆனால் இவர்கள் சொல்கிற மாதிரி கெடுக்கவில்லை. உள்ளது உள்ளபடி ஒருவனிடமாவது சொல்ல வேண்டும். ஊரில் இப்போது என்னோடு யாரும் பேசுவதில்லை. ஆகவே, என்னோடு பேசாதவர்களில் ரொம்பப் பழைய ஆளாகிய உனக்கு எழுதுகிறேன்.

நீ ஊரை விட்டுப் போன பிறகு ஆட்டத்துக்கு ஒரு சட்டம் வந்தது, அது உனக்குத் தெரியாது. எந்த ஊர்க்காரர்களோ ஒரு வருஷம் பட்டணத்திலிருந்து போலீஸ்காரன் ஒருவனை அழைத்து வந்து ஜெயித்துவிட்டார்கள். அவன் கை பட்டவர்கள் மூன்று நாள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து ஏழு ஊர்ப் பெரியவர்களும் கூடிக் கட்டு போட்டார்கள். ஒரு டீமுக்கு வெளியாள் ஒருவன்தான். அவன், ஆட்டத்து நாளோடு சேர்த்து முப்பது நாள், அந்த ஊரில் ஒரே வீட்டில், வீட்டுக்குள் உட்கார்ந்து, மத்தியானச் சோறு தின்றிருக்க வேண்டும். முப்பது நாள் தின்றவன் அந்த ஊர்க்காரன். ஆக்கிப் போட்டவள் மைதானத்துக்கு வந்து கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். வீட்டு ஆம்பளை வந்து செய்தால் செல்லாது. ஆக்கினவளுக்குத்தான் கணக்குத் தெரியும் என்று அந்தக் கிழவர்களுக்கே புரிந்திருக்கிறது. ஒரு நாள் குறைந்தாலும் அவன் மட்டும் இல்லை, டீமே வெளியே. (இந்தச் சட்டத்தை உன் மேலும் வைத்துப் பார்த்தேன். நீ தின்றது ஒரே ஒரு பந்தி. ஆகையால் நீ இன்னும் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஆகிவிடவில்லை. தப்பித்தாய்.)

இந்த வருஷம் யாரை அழைப்பது என்று கார்த்திகை மாதமே பேச்சு ஆரம்பித்துவிட்டது. யாராயிருந்தாலும் ஆக்கிப் போட ஒரு வீடு வேண்டும். ஒருவர் வீட்டில் வயசுப் பெண் இருந்தது, ஒருவர் வீட்டில் மாமியார் படுக்கையில் இருந்தாள், ஒருவர் வீட்டில் சம்சாரம் முடியாது என்று சொல்லிவிட்டாள். இதெல்லாம் இல்லாத வீடு ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டீமைக் கட்டி மேய்க்கிற பஞ்சாட்சரமும், டீக்கடை சடையப்பனும், டவுன் பஸ் கண்டக்டர் வேதகிரியும் என் வாசலில் வந்து நின்றார்கள். மூன்று பேரும் சேர்ந்து என் வீட்டுக்கு வந்தது அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் காரியத்தன்றுதான். நான் சொன்னேன், ஆக்கிப் போடுகிறேன், ஆனால் யாருக்கு ஆக்குவது என்று நான்தான் சொல்வேன், உங்கள் வழக்கை எல்லாம் என் எதிரில் வந்து பேசுங்கள் என்று. டீக்கடையில் பேசினால் எதிர் டீமான சாலவாக்கத்துக்காரர்கள் காதில் விழுந்துவிடும் என்று அவர்களுக்கும் பயம். ஒப்புக்கொண்டார்கள். கார்த்திகை பதினேழாம் தேதி விளக்கு வைத்த நேரத்தில் முதல் பேச்சு. மூன்று பேர்தான் வந்தார்கள். வேர்க்கடலை வேக வைத்தேன்.

மூன்று பேருக்கும் மூன்று ஆள். பஞ்சாட்சரத்துக்கு சாலவாக்கத்து ஏகாம்பரம் வேண்டும். அவன் தன் ஊர் டீமோடு கோபித்துக்கொண்டு இருந்தான். சடையப்பனுக்கு செங்கல்பட்டில் காலேஜ் படிக்கிற செங்கேணி வேண்டும். வேதகிரிக்கு வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிற இருசப்பன் வேண்டும். உனக்குக் காதில் விழட்டும் என்று அவர்கள் பேசினதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏகாம்பரம் பதினெட்டு வருசமா ஆடிக்கினு கீறான் பெரியம்மா. அனுபவம்னு ஒண்ணு கீதுல்ல?" என்றான் பஞ்சாட்சரம்.

"அனுபவமா? போன வருசம் கோட்ட தாண்டறதுக்குள்ள முட்டிய புடிச்சிக்கினு ஒக்காந்தான். தூக்கியார நாலு பேரு. ஏழு பேருல நாலு பேரு அவன தூக்கப் போய்ட்டா மீதி யாரு ஆடறது? நீயும் நானுமா?" என்றான் வேதகிரி.

"அதான் சொல்றேன், செங்கேணிய கூப்டுங்கன்னு," என்றான் சடையப்பன். "ஆறு சர்ட்டிபிகேட்டு வெச்சிக்கினு கீறான் ஆயா. ஆறு!"

"சர்ட்டிபிகேட்ட காட்டினா எதிராளி காலை வுட்டுருவானா?"

"படிச்சவன்யா அவன். எங்க மிதிக்கணும்னு மூளைய வெச்சி மிதிப்பான்."

"மிதிக்கறதுக்கு காலு போதும் நைனா. எங்க இருசப்பனப் பாரு, ரெண்டு மூட்டைய தோள்ல வெச்சிக்கினு சிரிச்சிக்கினே லாரி பலகை ஏறுறான்."

"சடுகுடுல யாருய்யா மூட்ட தூக்கியாரச் சொல்றாங்க?" என்றான் பஞ்சாட்சரம். "அவனுக்கு மூச்சு எப்படி? அத்த சொல்லு."

"மூச்சா? எங்க பஸ்ஸுல ஏறி, பாலாத்துப் பாலம் இந்த முனைலேந்து அந்த முனை வரிக்கும் பாடிக்கினே வந்தான். டிரைவரு வேணும்னே வண்டிய மெதுவா ஓட்டினாரு. பாசஞ்சருங்கல்லாம் கைய தட்டிச்சி."

இந்த மாதிரி போயிற்று. நான் கேட்டுக்கொண்டு கடலை உரித்தேன். அடுத்த நாள் ஐந்து பேர் வந்தார்கள். நாலாம் நாள் பதினொரு பேர். ஒன்பதாம் நாள் இருபத்திரண்டு பேர். கூடத்தில் இடம் போதாமல் சிலர் அடுப்பங்கரை வாசற்படியில் உட்கார்ந்தார்கள். வேதகிரி பஸ் டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில் மூன்று பேரும் எந்த ஊரில் எத்தனை பேரைத் தொட்டார்கள், எத்தனை தடவை பிடிபட்டார்கள் என்று எழுதிக் கொண்டு வந்து பாயில் பரப்பினான். சடையப்பன் காற்று வரட்டும் என்று எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான், டிக்கெட்டெல்லாம் பறந்தது, வேணுமென்றே திறந்தான் என்று அடிதடி. யாரோ என் கதவுத் தாழ்ப்பாளைச் சரி செய்தார்கள், ஏழு வருஷமாக ஆடிக்கொண்டிருந்த தாழ்ப்பாள். யாரோ கிணற்றில் நாலு குடம் இறைத்து வைத்துவிட்டுப் போனார்கள். விடிந்து எழுந்து கூடத்தைப் பெருக்கினால் ஒரு முறம் கடலைத் தோல். தோலைப் பெருக்குவது எனக்குத் தொந்தரவு என்று அடுத்த வீட்டுக் கோவிந்தம்மாளிடம் சொன்னேன். தொந்தரவே இல்லை.

இப்போது உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஆறாம் நாளே அவர்கள் செங்கேணிதான் என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். வேதகிரி கூட, சரி தொலையட்டும் என்று சொல்லிவிட்டான். ஒவ்வொருவனும் எழுந்து இருட்டில் காலால் செருப்பைத் தேடினான். "ஏன், ஏகாம்பரத்துக்கு இன்னா கொறைச்சல்?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். பஞ்சாட்சரம் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "பெரியம்மாவுக்கு ஆட்டம் தெரியும்பா" என்றான். எனக்கு ஆட்டத்தில் தெரிந்தது உன் மூச்சு ஒன்றுதான். ஆனால் அன்று கண்டுகொண்டேன். இவர்கள் ஏகாம்பரத்தின் பக்கம் சாய்ந்தால் நான் இருசப்பன் என்பேன். இருசப்பன் பக்கம் வந்தால், காலேஜ் பையனின் நடையிலேயே ஒரு நேர்த்தி இருக்கிறதே என்பேன். அவன் நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் மூன்று பேருமே வேண்டாம், நம் ஊரிலேயே ஆள் இல்லையா என்றேன். அது மட்டும் இரண்டு நாள் தாங்கிற்று. ஆக பதினாறு நாள் என் வீட்டில் ஜனம். என் மகள் கல்யாணத்துக்குக் கூட நாலு நாள்தான்.

மார்கழி இரண்டாம் தேதி வந்தது. அன்று யாருக்கும் பேச்சு மிச்சம் இல்லை. செங்கேணிக்குப் பரீட்சை என்று தெரிந்துவிட்டது. ஏகாம்பரம் தன் ஊர்க்காரர்களோடு ராசியாகிவிட்டான், மாட்டு வண்டியில் மாலை போட்டு அழைத்துப் போனார்களாம். இருசப்பன் ஒருவன்தான் பாக்கி. அறுவடைக்கு முன்னால் மில்லில் வேலை மந்தம், வருகிறேன் என்று சொல்லிவிட்டான். காலையில் முதல் பஸ்ஸில் வேதகிரியே ஏற்றிக்கொண்டு வருவதாகவும், மூன்றாம் தேதி மத்தியானம் நான் முதல் சோறு போடுவதாகவும் பேசி முடித்து, எல்லாரும் மறுபடியும் செருப்பைத் தேடினார்கள். கடலைத் தோலைப் பார்த்தேன். இனி நாளைக்கு இல்லை.

"இரு," என்றேன். "இருசப்பனுக்கு இடது காலு வலு இல்லன்னு கேள்விப்பட்டேன்."

"யாரு சொன்னா ஆயா?" என்றான் வேதகிரி, அழுகிற மாதிரி.

"கேள்விப்பட்டேன். நாளைக்கு சாயங்காலம் வந்து பேசுங்க. விசாரிச்சி வெக்கிறேன்."

வேதகிரி ஒரு டிக்கெட்டைத் திருப்பிக் கணக்குப் போட்டான். நாலாம் தேதியிலிருந்து முப்பதாம் தேதி வரைக்கும் இருபத்தேழு, தையில் மூன்று, ஆக முப்பது. "நாலாந்தேதி வந்தாலும் கரெக்டா பூடும்," என்றான். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மார்கழி என்றால் பெருமாள் கோயிலில் முப்பது பாட்டு, ஆகவே முப்பது நாள் என்று எல்லாருக்கும் நினைப்பு. ஆனால் சித்திரை முதல் தேதி அதே கோயிலில் பஞ்சாங்கம் வாசித்தார்களே, அப்போது ஐயர் தெளிவாகச் சொன்னார், இந்த வருஷம் மார்கழிக்கு இருபத்தொன்பது நாள் என்று. ஊரே நீர்மோருக்குப் பித்தளைச் சொம்பை நீட்டிக்கொண்டிருந்தது. காதில் வாங்கினவள் நான் ஒருத்தி. தம்பி, எனக்கு அன்று சாயங்காலம் அது தெரியும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலமும் வந்தார்கள், இருபத்தாறு பேர். இடது கால் நன்றாகத்தான் இருக்கிறதாம் என்றேன். சிரித்தார்கள்.

நாலாம் தேதி இருசப்பன் வந்தான். கறுப்பு, அகலம், பேச்சு குறைவு. அவன் எந்தத் தெருவில் பிறந்தவன் என்று தெரிந்த அன்றே கோவிந்தம்மாள் என் வீட்டு மோர் வாங்குவதை நிறுத்திவிட்டாள். எனக்கு மோர் மிச்சம். அவனும் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் போய்க் குந்தினான்.

"அங்க இன்னா பண்றே?" என்றேன்.

"இங்கியே தின்றேன் ஆயா. பழக்கம்."

"கொல்லையில துன்னா செல்லாது. சட்டம் வூட்டுக்குள்ளன்னு சொல்லுது. உள்ள வா."

வந்தான். முதல் இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே தின்றான். மூன்றாம் நாள், "கொழம்புல உப்பு கம்மி ஆயா" என்றான். ஏழு வருஷமாக என் குழம்பைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. மறுநாள் உப்பைக் கூட்டினேன், ஜாஸ்தி என்றான். அதற்குள் மற்றவர்கள் வருவது நின்றுபோனது. அவர்களுக்குப் பேச வேண்டியது முடிந்துவிட்டது, சாயங்காலமெல்லாம் களத்துமேட்டில் ஆட்டப் பழக்கம். இருசப்பன் படுப்பது பஞ்சாட்சரத்தின் பம்பு செட்டில். ஆனால் மத்தியானம் மட்டும் அவன் வருவான், நான் இலை போடுவேன். பேசமாட்டான். தின்கிற சத்தம் கேட்கும். அது போதும் தம்பி, ஒரு வீட்டுக்கு.

காணும் பொங்கலன்று மத்தியானச் சோற்றைப் போட்டுவிட்டு நானும் அவர்களோடு பஸ் ஏறினேன். மைதானத்தில் ஏழு ஊர் ஜனம், கரும்புச் சக்கை, ஊதல் சத்தம். எங்களுக்கு முதல் ஆட்டமே சாலவாக்கத்தோடு. ஏகாம்பரம் முட்டியில் துணி சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றான். மாலை போட்டு அழைத்ததில் முகம் பளபளவென்று இருந்தது. கற்பூரம் ஏற்றினார்கள். விசாரிக்க உட்கார்ந்த பெரியவர், "இவன் முப்பது நாளு உன் வூட்ல துன்னானாம்மா?" என்று கேட்டார். ஏகாம்பரம் குறுக்கே விழுந்து, "சும்மா கேட்டா போதாது, இன்னா துன்னான்னு சொல்லச் சொல்லுங்க. இட்டுக்கட்டி கூட்டியாந்திருப்பாங்க" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னிடமா? ஆரம்பித்தேன். நாலாம் தேதி கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு வாய் மிச்சம் வைத்தான். ஐந்தாம் தேதி கீரை. ஆறாம் தேதி மொச்சைக் குழம்பு, உப்பு கம்மி. ஏழு, அதே மொச்சை, உப்பு ஜாஸ்தி. எட்டு, கருவாடு, ஆனால் அது கோவிந்தம்மாள் என்னிடம் பழசைத் தள்ளிவிட்ட கருவாடு. வைகுண்ட ஏகாதசியன்று நான் பட்டினி, அவனுக்கு மட்டும் ஆக்கினேன். ஒவ்வொரு நாளாகச் சொல்லச் சொல்ல ஜனம் என்னைச் சுற்றி நெருங்கி வந்தது. "சொல்லு ஆயா, சொல்லு" என்று பொம்பளைகள் கையைத் தட்டினார்கள். பதினெட்டாம் தேதிக்கு ஒரு விசில். அத்தனை பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது என் ஆயுசில் அன்றுதான். நான் ஓடுகிற ஓட்டத்தில் எங்கே போய்ச் சேரப்போகிறேன் என்பதை மறந்துவிட்டேன். மார்கழி இருபத்தொன்பது, அவரைக்காய். தை ஒன்று, பொங்கல் என்று சொல்லி மூச்சு விட்டேன்.

"நில்லு," என்றான் ஏகாம்பரம். "முப்பதாந்தேதிய காணமே?"

"இந்த வருசம் மார்கழிக்கு முப்பதாந்தேதி கெடையாது. இருவத்தொம்போதுதான்," என்றேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிப் பழகின வாய்.

அவன் மடியிலிருந்து ஒரு சின்னக் காலண்டரை எடுத்து விரித்தான். தயாராகத்தான் வந்திருக்கிறான். "நாலாந்தேதிலேந்து எண்ணுங்க பெரியவரே. இன்னிக்கி மத்தியானச் சோத்தையும் சேத்துக்குங்க. இருவத்தொம்போது. ஒண்ணு ஒதைக்கிது."

பெரியவர் விரல் விட்டு எண்ணினார். வேதகிரி சட்டைப்பையில் டிக்கெட்டைத் தேடினான். சடையப்பன் என் காதுக்கு வந்து, "ஆயா, மூணாந்தேதி மத்தியானமே வந்துட்டான்னு சொல்லு. ஒரே ஒரு நாளு ஆயா. உன் வாய்ல எது வந்தாலும் நம்புவாங்க" என்றான். பஞ்சாட்சரம் கும்பிடவே செய்தான். இருசப்பன் தொடையில் எண்ணெய் தடவிக்கொண்டு நின்றவன், தரையைப் பார்த்தான்.

நான் பொய்யே சொல்லாதவள் என்று நினைக்காதே. அம்மாவின் வெண்கலக் குண்டானை யார் எடுத்தது என்று நீ கேட்டபோது சொன்னேனே. சாமிக்குப் பயந்தும் இல்லை. ஆனால் மூணாம் தேதி மத்தியானம் என்று நினைத்தால் எனக்கு அது அப்படியே கண்ணில் வருகிறது. முதல் நாள் ரசம், ஒரு அப்பளம், வெளியே மாடு ஒரு தடவை கத்தினது. அதில் இருசப்பனை எங்கே உட்கார வைப்பேன்? வைத்துவிட்டால், அப்புறம் மற்ற நாளெல்லாம் நடந்ததா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். என்னிடம் மிச்சம் இருப்பது அந்தக் கணக்கு ஒன்றுதான்.

"நாலாந்தேதிதான் வந்தான்," என்றேன். "மூணாந்தேதி மத்தியானம் நான் தனியாத்தான் சாப்ட்டேன்."

கற்பூரத்தை அணைத்தேன். டீம் வெளியே. சாலவாக்கத்துக்காரர்கள் மேளம் அடித்தார்கள். ஏகாம்பரம் ஆடாமலே ஜெயித்தான். அவன் முட்டிக்கு அதுதான் நல்லது.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலி. நின்றுகொண்டு வந்தவர்கள் நின்றுகொண்டேதான் வந்தார்கள். வேதகிரிக்குத்தான் மூளை வேலை செய்தது. "மார்கழிக்கு இருவத்தொம்போதுன்னு உனுக்கு தெரிஞ்சிகீது. இடது காலு, இடது காலுன்னு ஒரு நாள கொன்னது நீதான?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "ஏன் ஆயா?" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் அவன் ஆயா என்று கூப்பிடவில்லை, "டிக்கெட்" என்றான். இருசப்பன் என் வீட்டுக்கு வந்து, தான் தண்ணீர் குடிக்கிற சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, "நெசந்தான ஆயா சொன்னே. இருவத்தொம்போதுதான்" என்று சொல்லிவிட்டு, நெல் லாரியில் ஏறி வாலாஜாபாத்துக்குப் போய்விட்டான்.

பன்னிரண்டு நாள் ஆகிறது. சடையப்பன் கடைப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. கோவிந்தம்மாள் மட்டும் மறுபடியும் மோர் கேட்டு வந்தாள். இல்லை என்றேன், இருந்தது. இரண்டு பேருக்கு அரிசி போட்டுப் பழகின கை, இன்னும் அப்படியே போடுகிறது. மாடு தின்கிறது. மாடு கொழுத்துவிட்டது. கதவுத் தாழ்ப்பாள் நன்றாக விழுகிறது. அதற்கு இப்போது விழுகிறதைத் தவிர வேலை இல்லை.

ஊர் உனக்கு எப்படிச் சொன்னாலும் நீ இப்படித் தெரிந்துகொள். ஒரு நாளைக் குறைத்தது நான். ஆனால் குறைந்த நாளைக் கூட்டிச் சொல்லவில்லை. என் எண்ணிக்கை தப்பாது. உயிருள்ளவரை யாருக்காகவும் அதில் ஒரு நாளைக் கூட்டவும் மாட்டேன், கழிக்கவும் மாட்டேன். பதில் போட வேண்டும் என்று இல்லை. போட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பேரப்பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்து விடச் சொல். எல்லாருக்கும் ஆயுசும் அறிவும் நிறைய உண்டாகட்டும். உன் சம்சாரத்துக்கும், எழுதினது எழுதியாகிவிட்டது, உண்டாகட்டும்.

இப்படிக்கு
உன் அக்கா,
சொக்கம்மாள்

பின்குறிப்பு: இன்று ஞாயிற்றுக்கிழமை, தபால் எடுக்கமாட்டார்கள் என்று உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். மத்தியானம் வாசலில் சைக்கிள் சத்தம். இருசப்பன். மில்லுக்கு லீவாம். "ஒரு நாளு பாக்கி நிக்கிது ஆயா. பாதில வுட்டா எனக்கே ஒரு மாதிரி கீது. துன்னு முடிச்சிட்டுப் போய்டறேன்" என்று சொல்லிக்கொண்டு, நான் சொல்லாமலே நேராக உள்ளே வந்து உட்கார்ந்தான். இலை போட்டேன். பாதிச் சோறு ஆனதும், "இருசப்பா, மைதானத்துல நான் சொன்னது தப்பு. வூட்டுக்கு வந்து நல்லா எண்ணிப் பாத்தேன். இருவத்தெட்டுதான் ஆவுது" என்றேன். பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "உனுக்கா கணக்கு தப்பிச்சி?" என்றான். வயசாகவில்லையா என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்ப நாளைக்கும் வரணுமா?" என்றான். வரணும் என்றேன். சரி என்று குழம்பு கேட்டான். நாளைக்கு அவன் வந்து உட்கார்ந்த பிறகு, இருபத்தேழு என்று எனக்குத் தோன்றினாலும் தோன்றும். நீ அரக்கோணத்தில் உட்கார்ந்துகொண்டு யாருக்கும் எண்ணிக் காட்டிக்கொண்டிருக்காதே.